5 வருஷம் கழிச்சு மதுரைக்கு வர்றேன்: 26 நாள், ஒரு லிஸ்ட், கூடவே ஒரு வாண்டு

தெப்பக்குளத்துக்காரி | நவம்பர் 24, 2024

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க ஓசியிலயே படிச்சுட்டு இருந்தவ, இப்பத்தான் எழுத ஒரு சாக்கு கிடைச்சிருக்கு. டிசம்பர் 22 ஊருக்கு வர்றோம். மெல்போர்ன்ல ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து நேரா மதுரை. கடைசியா வந்தது 2019 சித்திரைத் திருவிழாவுக்கு. அப்புறம் கொரோனா, அப்புறம் வீட்டுக்காரருக்கு வேலை மாறிருச்சு, அப்புறம் டிக்கெட் விலை. அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. பையனுக்கு அப்ப நாலு வயசு, இப்ப ஒம்பது. அவனைப் பொறுத்தவரை மதுரைன்னா வாட்ஸ்அப்ல தெரியிற தாத்தா நெத்தியும், மேல ஓடுற ஃபேனும்தான்.

ஃபோன்ல ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன். சாப்பிட: சிம்மக்கல் கறி தோசை, விளக்குத்தூண் ஜிகர்தண்டா, அயிரை மீன் குழம்பு, பருத்திப்பால், பன் பரோட்டா, முள்ளுமுருங்கை ரொட்டி, அழகர்கோவில் தோசை. பார்க்க: மீனாட்சி கோவில், திருமலை நாயக்கர் மகால், கீழடி, கலைஞர் நூலகம், சமணர் மலை. பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடியுமான்னு தெரியல. இதுபோக சொந்தக்காரங்க வீடு 14. எண்ணிட்டேன். வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலி, அங்க மூணு நாள் விட்டே ஆகணும்.

எதை எப்பப் போறதுன்னு ஊர்ல இருக்கிறவங்க சொல்லுங்க. லிஸ்ட்ல எதுவும் விட்டுப்போகக் கூடாது, அதுதான் என் ஆசை.

சிம்மக்கல் சித்தப்பு | நவம்பர் 24, 2024

வா தாயி வா. 14 வீடுன்னா 14 நாள் போச்சுன்னு இப்பவே கழிச்சுக்க. ஒரு நாளைக்கு ரெண்டு வீடு முடிச்சிரலாம்னு கணக்குப் போடுவ, நடக்காது. முதல் வீட்ல மதியம் சோறு, சாயங்காலம் ரெண்டாவது வீட்ல "காபி மட்டும் போதும் அத்தை"ன்னு சொல்லிப் பாரு. அந்தம்மா உள்ள போயி வாழைக்காய் சீவ ஆரம்பிச்சிரும். ஏழரை மணிக்கு இட்லி அவிஞ்சிரும். அப்புறம் எங்கிட்டு கறி தோசை திங்க?

கறி தோசை ராத்திரி சமாச்சாரம், மதியம் போயி நின்னு ஏமாறாத. தோசை மொத்தமா ஊத்தி, மேல முட்டை, அதுக்கு மேல கொத்துக்கறிச் சுக்கா, அப்புறம் திருப்பிப் போட்டு அமுக்கணும். கல்லுலருந்து இலைக்கு நேரா வரணும். ஒரு நிமிஷம் ஆறுனாலும் அது வேற பண்டம்.

ரிங் ரோடு ராசா | நவம்பர் 24, 2024

அக்கா, நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுறேன். நீங்க 2019-ல பாத்த ரோடு இப்ப இல்ல. நத்தம் ரோட்டுல 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் வந்துருச்சு (2023). கலைஞர் நூலகமும் அந்த ரோட்டுலதான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் இடிச்சுப் புதுசாக் கட்டிருக்காங்க, உங்களுக்கு அடையாளமே தெரியாது. கோரிப்பாளையத்துல பாலம் வேலை நடக்குது. அங்கிட்டு மட்டும் காலையில எட்டரையிலருந்து பத்தரை வரைக்கும் தலை காட்டாதீங்க. ஏ.வி. பாலம் ஏறுறதுக்குள்ள பையன் பத்தாவது பாஸ் பண்ணிருவான்.

கல்வெட்டு வாத்தியார் | நவம்பர் 25, 2024

அம்மா, நல்ல லிஸ்ட். நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மீனாட்சி கோவிலுக்குள் இப்போது செல்போன் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சிவப்பு உடுத்திய சக்தி மாலைக் கூட்டமும் ஐயப்பன் மாலைக் கூட்டமும் சேர்ந்து நான்கு கோபுர வாசலும் நிரம்பி வழியும். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நீங்கள் இரவு பள்ளியறை பூஜைக்குப் போங்கள். சுவாமியைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எடுத்துவருவார்கள், கூட்டமும் ஓரளவு குறைந்திருக்கும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. பையனை எண்ணச் சொல்லாதீர்கள், எண்ணிவிட்டு உங்களை மடக்குவான்.

மகாலைப் பார்க்கும்போது, இன்று நிற்பது 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் என்று சொல்லுங்கள். மீதியைக் கெடுத்தவர் வெளிநாட்டுக்காரர் அல்லர். பேரன் சொக்கநாத நாயக்கரே திருச்சியில் அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்.

நான்காவது, கீழடி மதுரை மாவட்டம் இல்லை, சிவகங்கை மாவட்டம். சிவகங்கைக்காரர் யாராவது இந்த இழையைப் படிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பழங்காநத்தம் பாண்டி | நவம்பர் 25, 2024

தோஹாவுலருந்து. லிஸ்டைப் படிச்சு வயிறு எரியுது. எனக்காக ஒரு காரியம் பண்ணுங்கக்கா, ராத்திரி பத்து மணிக்கு மேல கீழவாசல் பக்கம் ஒரு சுத்து நடந்துட்டு வந்து அங்க என்ன வாசனை அடிச்சுச்சுன்னு எழுதுங்க. படமெல்லாம் வேணாம், படம் ஃபோன்லயே நெறையக் கிடக்கு.

அமுதா கோவை | நவம்பர் 26, 2024

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க மூணு நாள்தான் வர்றோமுங்க. ஜிகர்தண்டா நல்லா இருக்குமுங்களா, இல்ல சும்மா பேரு மட்டும் பெருசா?

சிம்மக்கல் சித்தப்பு | நவம்பர் 26, 2024

இப்படிக் கேட்டா ரத்தம் கொதிக்குமா இல்லையா? சரி, வெளியூரு, பொறுத்துக்கிறேன். நல்லா சுண்டுன பாலு, கடல்பாசி, நன்னாரி சர்பத்து, மேல பாசுந்தி ஐஸ்கிரீம். இதுதான் ஜிகர்தண்டா. இப்பப் பாதிக் கடையில கடல்பாசிக்குப் பதிலா பாதாம் பிசினை அள்ளிப் போட்டு, கலர் எசன்ஸ ஊத்தி விக்கிறாய்ங்க. அதைக் குடிச்சுட்டு "பேரு மட்டும் பெருசு"ன்னா அது ஜிகர்தண்டா மேல தப்பில்ல.

ரிங் ரோடு ராசா | நவம்பர் 26, 2024

சித்தப்பு, பாதாம் பிசின் போட்டாலும் நல்லாத்தான் இருக்கு. எங்க ஏரியாவுல எல்லாரும் அதான் குடிக்கிறோம்.

சிம்மக்கல் சித்தப்பு | நவம்பர் 26, 2024

உங்க ஏரியாவுக்கு நான் வர்றதே இல்ல.

*(இதுக்கு அப்புறம் கடல்பாசியா பிசினாங்கிறதுல வந்த 31 பதிவுகளைத் தனி இழைக்கு மாத்தியாச்சு. தயவுசெஞ்சு இங்க பயணத்தை மட்டும் பேசுங்க. – நிர்வாகி)*

தெப்பக்குளத்துக்காரி | டிசம்பர் 24, 2024

வந்து சேர்ந்தாச்சு. மூணு நாள்ல எழுத முடியும்னே நினைக்கல, ஆனா காலையில நாலு மணிக்கே முழிப்புத் தட்டிருது. பக்கத்துக் கோவில்ல திருப்பாவை போட்டுருக்காங்க. அம்மா வாசல்ல கோலம் போடுறாங்க, பையன் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து புள்ளிய எண்ணிட்டு இருக்கான்.

முதல்ல எங்க தெப்பக்குளத்தைச் சொல்லிடறேன். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அதுக்குள்ள வருஷத்துல பாதி நாள் கிரிக்கெட்தான். எங்கண்ணன் அடிச்ச பந்து மைய மண்டபத்துப் படியில பட்டா நாலு ரன், அதுதான் பவுண்டரி. தைத்தெப்பத்துக்கு மட்டும் தண்ணி விடுவாங்க. இப்ப வைகையிலருந்து பனையூர்க் கால்வாய் வழியா தண்ணி வந்து கரை தொட நிக்குது. சாயங்காலம் ஊரே வந்து சுத்துச்சுவர்ல உக்காந்திருக்கு. சுண்டல், பஜ்ஜி, பொம்மை பலூன். பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா பையன்கிட்ட "உங்க மாமா இங்கதான் கிரிக்கெட் விளையாடுவான்"னு சொன்னா அவன் தண்ணியப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான். நம்பல.

லிஸ்ட் விவகாரம் முதல் நாளே முட்டிக்கிச்சு. ராத்திரி "அப்பா, நாளைக்கு வெளிய போயி சாப்பிட்டுட்டு வந்துருவோம்"னு சொன்னேன். அப்பா பேப்பர்ல இருந்து தலைய எடுக்காம, "ஏன், வீட்ல அடுப்பு அணைஞ்சு போச்சா?"ன்னாரு. அவ்வளவுதான். மறுநாள் விடியக்காலையில அஞ்சரைக்கு மனுசன் கையில தூக்குப்போணியோட கறிக்கடைக்குக் கிளம்பிட்டாரு. தொடைக்கறி, ஈரல், எலும்பு தனியா. எனக்கு எலும்பு ரோஸ்ட் புடிக்கும்னு ஞாபகம் வச்சிருக்காரு. இதுக்கு மேல நான் எப்படி வெளிய போறது?

சிம்மக்கல் சித்தப்பு | டிசம்பர் 24, 2024

போகாத. அப்பன் கறி வாங்கிட்டு வந்தா திங்கிறதுதான் மரியாதை. லிஸ்டை மடிச்சு உள்ள வையி.

பழங்காநத்தம் பாண்டி | டிசம்பர் 25, 2024

நான் போன தடவை போனப்ப எங்கம்மாகிட்ட "ஹோட்டல் இட்லி"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். ரெண்டு நாள் பேசல. தண்ணிச் சட்னி வச்சு சமாதானம் பண்ணுனது அவங்கதான், நான் இல்ல.

தெப்பக்குளத்துக்காரி | டிசம்பர் 31, 2024

கணக்கு: சொந்தக்காரங்க வீடு 6 முடிஞ்சது. லிஸ்ட்ல உள்ள சாப்பாடு முடிஞ்சது ஒண்ணே முக்கால்.

அந்த முக்கால் எதுன்னு சொல்றேன். வில்லாபுரம் அத்தை வீட்டுக்குப் போற வழியில நைசா ஒரு மெஸ்ஸுல நுழைஞ்சு அயிரை மீன் குழம்பு கேட்டேன் (பேரு வேணாம், பெரிய பேருதான்). கிண்ணத்துல குழம்பு இருந்துச்சு, மீனைத் தேடித்தான் எடுக்கணும். ஒம்பது மீன் கிடைச்சுது, விரல்ல பாதி நீளம்கூட இல்ல. பில்லைப் பாத்து வீட்டுக்காரர், "ஒரு மீனுக்கு எவ்வளவு வருது?"ன்னு கால்குலேட்டரை எடுத்துட்டாரு. திருநெல்வேலிக்காரரு, சந்தர்ப்பம் கிடைச்சா விடுவாரா?

அந்த ஒண்ணு, பருத்திப்பால். இதை மட்டும் யாரும் தடுக்கல, ஏன்னா எங்கப்பாவே தினமும் காலையில வாக்கிங் முடிச்சுட்டு நின்னு குடிக்கிறாரு. பருத்திக்கொட்டைய ஊறவச்சு ஆட்டிப் புழிஞ்ச பாலு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மேல கொஞ்சம் தேங்காப்பூ. பையன் முதல்ல மோந்து பாத்து மூஞ்சியச் சுழிச்சான். மூணாம் நாள் தாத்தாவுக்கு முன்னாடி செருப்பை மாட்டிட்டு நிக்கிறான்.

கோவிலுக்கு வாத்தியார் சார் சொன்ன மாதிரி பள்ளியறை நேரத்துக்குப் போனோம். ஃபோன் கையில இல்லாதது நல்லதாப் போச்சு, இல்லாட்டி நான் ரெக்கார்டிங் பாத்துட்டே நின்னிருப்பேன். பல்லக்கு வந்தப்ப சாம்பிராணிப் புகையும் நாயனமும் சேர்ந்து பையன் என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். பயந்துட்டியா, இல்ல புடிச்சிருந்துச்சான்னு கேட்டதுக்கு "சாமி ராத்திரி அம்மன் வீட்டுக்குப் போகுதா? காலையில திரும்பி வருமா? டெய்லியா?"ன்னு கேட்டான். அவங்கப்பா சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் வாராவாரம் பறக்கிறவரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

கல்வெட்டு வாத்தியார் | ஜனவரி 1, 2025

புத்தாண்டு வாழ்த்துகள். வீரவசந்தராயர் மண்டபத்துக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து கல் கொண்டுவந்து வேலை செய்கிறார்கள். கண்ணில் பட்டதா? எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள், புத்தகக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்த மண்டபத்துச் சிற்பங்களைத் துணி மூட்டை இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் என்று நான் நாற்பது வருடம் எதிர்பார்க்கவில்லை.

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 2, 2025

சார், அதுல எனக்கு ரெண்டு மனசு. என் காலேஜ் தோழியோட அப்பா புதுமண்டபத்துல தையல் மெஷின் போட்டிருந்தவர்தான். என் முதல் தாவணி, பட்டுப்பாவாடை எல்லாம் அங்கதான் தச்சது. யாளித் தூணு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காரவச்சு, "பத்து நிமிஷம் பாப்பா"ன்னுதான் சொல்வாரு. அந்தப் பத்து நிமிஷத்துல முழுப் பாவாடை தயாராகிரும். நேத்து அவளைப் பாத்தேன். இப்ப அவ அண்ணன் சத்திரத்துல மாடியில கடை போட்டிருக்காராம். "கடைக்கு வெளிச்சம் வந்துருச்சு, ஆளு வர்றது குறைஞ்சிருச்சு"ன்னா. முன்னாடி கோவிலுக்கு வந்தவங்க தடுக்கி விழுந்தாலே கடைதான். இப்பத் தேடிப் போகணும். மண்டபம் அழகா இருக்குங்கிறதும் நிஜம், அவங்க வீட்டு வருமானம் இறங்கிருச்சுங்கிறதும் நிஜம்.

அவகூட கலைஞர் நூலகம் போனேன். சொல்லி வச்ச மாதிரி ரெண்டு பேரும் வாயடைச்சுப் போயிட்டோம். நாங்க படிச்ச காலத்துல நூலகம்னா தூசி, டியூப்லைட், "சத்தம் போடாதீங்க". இங்க புள்ளைங்க தரையில படுத்துப் படிக்கிறாங்க. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க சோத்து டப்பாவோட காலையிலயே வந்து இடம் புடிச்சிருக்காங்க. பையனை வெளிய கூட்டிட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு.

பாண்டி தம்பி, கீழவாசல் போனேன். பத்தே கால் இருக்கும். பரோட்டாக் கல்லு, சால்னா, அது தாண்டி மல்லிகைப்பூ, அது தாண்டி சாக்கடை. இந்த வரிசையிலதான் வந்துச்சு.

பழங்காநத்தம் பாண்டி | ஜனவரி 2, 2025

கடைசியா சொன்னதையும் சேர்த்துச் சொன்னதுக்கு நன்றிக்கா. அது இல்லாம சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன்.

அமுதா கோவை | ஜனவரி 3, 2025

நாங்க போயிட்டு வந்துட்டோமுங்க. ஜிகர்தண்டா நல்லா இருந்துச்சு. பிசினா பாசியான்னு தெரியலீங்க, கேக்கப் பயமா இருந்துச்சு. மல்லிகை வாங்கலாம்னு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போனா கிலோ ரெண்டாயிரத்தைத் தாண்டிச் சொல்றாங்க. எங்களுக்கு ரெண்டு முழம் போதும்னு கிளம்பிட்டோம்.

ரிங் ரோடு ராசா | ஜனவரி 3, 2025

பனிக்காலம்க்கா. மொட்டு வைக்காது, வரத்து குறைஞ்சிரும். வைகாசியில வாங்க, அள்ளிட்டுப் போகலாம்.

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 8, 2025

நேத்து நடந்ததைக் கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

எங்கம்மா பொறந்த ஊரு மேலூர் பக்கம், அரிட்டாபட்டிக்குக் கிட்ட. அம்மாச்சி அங்கதான் இருக்காங்க, 84 வயசு. ஜனவரி 7 மதியம் அங்க சாப்பாடுன்னு நான் மெல்போர்ன்ல இருக்கும்போதே பேசி வச்சது. மாமாவுக்கு ஞாபகப்படுத்தலாம்னு அஞ்சாம் தேதி ஃபோன் பண்ணுனா, "அன்னைக்கு ஊர்ல அடுப்பு எரியாது ஆத்தா. எல்லாரும் தல்லாகுளத்துக்கு வர்றோம். நீ அங்க வந்துரு, பாத்துக்கலாம்"ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அம்மாதான் சொன்னாங்க, டங்ஸ்டன் போராட்டம்னு.

மெல்போர்ன்ல செய்தி மேலோட்டமாப் பாத்திருந்தேன். நாயக்கர்பட்டி டங்ஸ்டன்னு பேரு போட்டு சுரங்கத்துக்கு நவம்பர்ல ஏலம் விட்டாங்க, அதுல அரிட்டாபட்டியும் சுத்தியிருக்கிற ஊருங்களும் வருது. டிசம்பர் 9 சட்டசபையில எதிர்ப்புத் தீர்மானம் போட்டாங்க. இதெல்லாம் வரி வரியாத் தெரியும். அது எங்க அம்மாச்சி வீட்டுக் கொல்லைன்னு மண்டையில உறைக்கல.

நேத்து நரசிங்கம்பட்டியிலருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் ஜனங்க பேரணியா வந்தாங்க. பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருக்கும். மேலூர்ல கடை அடைப்பு. நானும் அம்மாவும் பையனும் ஆட்டோவுல போயி பாதி வழியில இறங்கி நடந்தோம், அதுக்கு மேல வண்டி போகல. இவ்வளவு பொம்பளைங்களை ஒரே ரோட்டுல நான் சித்திரைத் திருவிழாவுல மட்டும்தான் பாத்திருக்கேன். அதுல மாமாவை எங்க தேடுறது? ஒரு மணி நேரம் கழிச்சு அத்தைதான் என்னைக் கண்டுபுடிச்சாங்க. காலு தூசி, தொண்டை கட்டிருச்சு, முந்தானையில முடிஞ்ச பொரிகடலைய அவுத்துப் பையன் கையில கொட்டுனாங்க. "மதியச் சோறு இதான்டா மாப்ள"ன்னாங்க.

பையன், "அம்மாச்சி வீட்டை யாரு எடுக்கப் போறா?"ன்னு கேட்டான். பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு, "எடுத்துருவாய்ங்களா? எடுக்கட்டும் பாப்போம்"னு அவனுக்குப் பதில் சொன்னாரு. என் லிஸ்ட்ல ஜனவரி 7-க்கு நேரா "அம்மாச்சி, சாப்பாடு, சமணர் படுக்கை ஃபோட்டோ"ன்னு எழுதியிருந்தேன். ராத்திரி அதைப் பாத்தப்ப கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

கல்வெட்டு வாத்தியார் | ஜனவரி 8, 2025

அம்மா, அந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்று பையனுக்குச் சொல்லுங்கள். தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, சமணர் கற்படுக்கைகள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில், அதில் தமிழ்நாட்டில் அரிதான இலகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பம். 250 வகைக்குக் குறையாத பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்ததும் அதே அரிட்டாபட்டிதான். பக்கத்து மாங்குளம் மலையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரே கல்வெட்டில் இருக்கிறது. நான் மாணவர்களைப் பலமுறை அழைத்துப்போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள்தான் தண்ணீர் கொடுத்து வழி காட்டுவார்கள்.

மேலூர்ப் பையன் | ஜனவரி 8, 2025

நேத்து நானும் நடந்தேன் அக்கா. எங்க அப்பத்தாவும் வந்துச்சு. ஒத்தக்கடை வரைக்கும் நடந்துட்டு அப்புறம் டிராக்டர்ல ஏறிக்கிருச்சு. நீங்க எந்த ஊருன்னு தனிச்செய்தியில சொல்லுங்க, சொந்தமாக்கூட இருப்போம்.

ரிங் ரோடு ராசா | ஜனவரி 8, 2025

நேத்து எனக்கு ரெண்டு சவாரி போச்சு. பரவாயில்ல.

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 11, 2025

9-ம் தேதி ஊருக்குப் போயே போனோம். சாப்பாடும் நடந்துச்சு, அதுவும் அயிரை! மாமா முந்தின நாளே சொல்லி வச்சு வாங்கியிருக்காரு. உயிரோட சட்டியில நெளியுது. அம்மாச்சி அதுல பாலை ஊத்தி விட்டாங்க. அப்பத்தான் வயித்துல இருக்கிற மண்ணைக் கக்குமாம். அப்புறம் கல்லுப்பு போட்டு உரசி, குடல் எடுக்காம முழுசாப் புளிக்குழம்புல போட்டாங்க. கரண்டிய விட்டா குழம்பைவிட மீன்தான் ஜாஸ்தி. வீட்டுக்காரர் கால்குலேட்டரை எடுக்கல. மூணாவது தடவை சோறு வாங்கும்போது "எங்க ஊர்ல இது கிடையாது"ன்னு ஒத்துக்கிட்டாரு, அதை நான் ஆடியோவுல பதிவு பண்ணி வச்சிருக்கேன்.

மலைக்கு ஏறல. அம்மாச்சி விடல. "அது எங்க போகப் போகுது, இங்க உக்காரு"ன்னுட்டாங்க. வாசல் திண்ணையில உக்காந்து அந்த மலையப் பாத்துக்கிட்டே மூணு மணி நேரம். போராட்டத்துல யாரு மயங்கி விழுந்தது, யாரு மருமக போலீஸ்காரர்கிட்ட எதுத்துப் பேசுனது, யாரு நடுவுல நழுவி வீட்டுக்கு ஓடுனது, எல்லாம் கேட்டாச்சு.

கீழடி 10-ம் தேதி போனோம். 2023-ல திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வச்சுக் கட்டியிருக்காங்க. பானை ஓட்டுல "ஆதன்", "குவிரன்"னு கீறியிருக்கிறதைப் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பாத்தான், வேற எழுத்துன்னு தெரிஞ்சதும் கோவம். அவனுக்குப் புடிச்சது பகடைக்காயும் சில்லும்தான். எங்கம்மா தக்களியப் பாத்துட்டு, "எங்க பாட்டிகிட்ட இது இருந்துச்சு"ன்னாங்க. பாதுகாப்புக்கு நின்ன பொண்ணு, "எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க"ன்னா.

மகால் ஒலி-ஒளிக் காட்சிக்குப் போனோம், கொசு. வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

வீடு கணக்கு 11. கறி தோசை இன்னும் பூஜ்யம்.

சிம்மக்கல் சித்தப்பு | ஜனவரி 11, 2025

ஆறு நாள் இருக்கு. நானே கூட்டிட்டுப் போகட்டா? எங்க வீட்டம்மாவும் வரும், உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா.

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 12, 2025

சித்தப்பு, உங்க பேச்சு நம்பி அப்பாகிட்டக் கேட்டேன். "முன்னப்பின்ன தெரியாத ஆளு வீட்டுச் செலவுல எதுக்கு?"ன்னாரு. நாங்கதான் செலவு பண்றோம்னு சொன்னேன். "அப்ப அது இன்னும் மோசம்"னாரு.

ரிங் ரோடு ராசா | ஜனவரி 13, 2025

அக்கா, அவனியாபுரம் நாளைக்கு. பையனோட கம்பி ஓரம் நிக்க வேணாம். தெரிஞ்சவங்க மாடி இருந்தா போங்க, இல்லாட்டி டிவிதான். 15 பாலமேடு, 16 அலங்காநல்லூர். 17 காலையில ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், காசு வேணாம்.

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 29, 2025

மெல்போர்ன். பள்ளிக்கூடம் திறந்துருச்சு. விட்டதை எழுதி முடிச்சிடறேன்.

அவனியாபுரத்துல அத்தை மகன் வீட்டு மாடி கிடைச்சுது. பையன் மாட்டுப் பக்கம். மாடு பிடிபடாமப் போனாத்தான் கத்துறான். கீழ இருந்து ஒருத்தர் மேல பாத்து, "ஏம்ப்பா, நீ எந்த ஊரு மாடு?"ன்னு கேட்டாரு.

ராசா தம்பி சொன்ன மாதிரியே வந்து நின்னாரு, காசு வாங்க மாட்டேன்னு அடம். அம்மா ஒரு பை முறுக்கைக் கொடுத்து ஏத்திவிட்டாங்க.

23-ம் தேதி டங்ஸ்டன் ஏலம் ரத்துன்னு மத்திய அரசு அறிவிச்சுது. அன்னைக்கு ராத்திரி மாமா வீடியோ கால். பின்னாடி ஒரே வெடிச் சத்தம், அவரு பேசுறது ஒண்ணும் கேக்கல. அம்மாச்சி மூஞ்சிய ஃபோன்ல ஒட்டிக்கிட்டு, "காலு வலி இன்னும் விடலடி"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்களும் நடந்திருக்காங்க! எவ்வளவு தூரம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க, மாமாவும் மழுப்புறாரு.

இங்க ஏர்போர்ட்ல சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் ஃபார்ம்ல எழுதிக் காமிச்சேன். இட்லிப் பொடி தப்பிச்சுது. பால்கோவாவை எடுத்துக்கிட்டாங்க.

பழங்காநத்தம் பாண்டி | ஜனவரி 29, 2025

எல்லாம் சரிக்கா. கறி தோசை?

தெப்பக்குளத்துக்காரி | ஜனவரி 29, 2025

அதைச் சொல்லாம விட்டுரலாம்னு பாத்தேன். 16-ம் தேதி ராத்திரி அப்பா ஒம்பது மணிக்குச் சட்டைய மாட்டிட்டு எங்கயோ போனாரு. பத்தரைக்கு வந்தாரு. ஃப்ரிட்ஜ்ல எதையோ வச்சாரு, யாரும் கேக்கல. காலையில ஏர்போர்ட் பார்க்கிங்ல வண்டிய விட்டு இறங்குனதும் பைக்குள்ளருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டுனாரு. "லிஸ்ட்ல இருந்துச்சுல்ல"ன்னாரு. பானட்டு மேல வச்சு நாலு பேரும் பிச்சுத் தின்னோம். பொய் சொல்லக் கூடாது, ஜில்லுன்னு ரப்பர் மாதிரி இருந்துச்சு. பையன் மட்டும் "சூப்பர்"னு ரெண்டு துண்டு தின்னான். அவனுக்கு வேற கறி தோசை தெரியாதே.

சிம்மக்கல் சித்தப்பு | ஜனவரி 29, 2025

கறி தோசையைப் பார்சல் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சாரா? உங்கப்பா நம்பரைக் குடு தாயி, நான் பேசணும்.